மேல் தளத்தில் ஓர் இடம்

“ஜன்னல் வச்ச அறையா, பால்கனி வச்ச அறையா? அதை மட்டும் சொல்லுங்கப்பா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றாள் மகள்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் ஒரு வெள்ளைக் கப்பல் இரண்டு கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே, அளவெடுத்துத் தைத்ததுபோல் நின்றிருந்தது.

“எந்த அறையும் வேண்டாம். கப்பலே வேண்டாம்” என்றார் அவர்.

வாழ்நாள் முழுவதும் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் லிஃப்டின் சத்தத்தைத்தான் காது கொடுத்துக் கேட்பார். அப்படிப்பட்டவருக்கு, ஒரு முழுக் கப்பலையே தண்ணீரால் தூக்கி, மேட்டைத் தாண்டவைத்து, அடுத்த கடலில் இறக்கிவிடும் அந்தக் கால்வாயைப் பார்த்துவிட வேண்டும் என்று எத்தனையோ வருஷத்து ஆசை. மகள் சின்னவளாக இருந்தபோது வாளியையும் டப்பாக்களையும் வைத்து அதைச் செய்தே காட்டியிருக்கிறார்.

“போன வருஷம் வரைக்கும் இதே பேச்சாத்தானேப்பா இருந்தீங்க?”

“அப்ப முட்டி நல்லா இருந்துச்சு.”

“கப்பல்லயே சக்கர நாற்காலி தருவாங்க.”

“கடல் காத்து எனக்கு ஒத்துக்காது.”

“இன்னும் கப்பல்லயே ஏறலை, அதுக்குள்ள ஒத்துக்காதா மாமா?” என்று மருமகன் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. “கால்வாய்க்குள்ள நுழையற அன்னைக்கு விடியும்போதே எல்லாரும் மேல் தளத்துக்கு வந்துடுவாங்களாம். முன்னாடி கம்பி ஓரமா இடம் பிடிச்சுட்டோம்னா, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நின்னு கதவு மூடறது, தண்ணி ஏறறது, கப்பல் எழும்பறது எல்லாத்தையும் பாக்கலாம். நடுவுல நகர்ந்தோம்னா இடம் போயிடும்.”

சாயங்காலம் வரைக்கும். நகர்ந்தால் இடம் போய்விடும். அவர் முகம் சுண்டிப்போனது.

“அதான் வேண்டாம்கறேனே!” குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

மகள் மெதுவாக மடிக்கணினியை மூடினாள். அவள் கண் கலங்கியிருந்தது. “இவர் கூட வர்றது உங்களுக்குச் சங்கடமா இருக்கு, அதானே? நேராவே சொல்லியிருக்கலாம்ப்பா.”

தண்ணீர் குடிக்கப் போவதுபோல் மருமகன் எழுந்து போனார். தங்கமான மனுஷர். ‘அப்படி இல்லம்மா’ என்று சொல்லக் கிழவர் வாயெடுத்தார். அப்படி இல்லையென்றால் வேறு எப்படி என்று கேட்பாள். எடுத்த வாயை மூடிக்கொண்டு கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

மனைவியாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். தையல் மிஷினைத் தவிர வேறு உலகம் தெரியாதவள். “ஆயுசு பூரா மனுஷங்களை ஏத்தி இறக்கினீங்களே, கப்பலை ஏத்தி இறக்கறதைப் பாக்க வேண்டாமா?” என்று முதலில் கிளப்பிவிட்டதே அவள்தான்.

அவளோ தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “விடும்மா. அவருக்குப் பிடிக்கலைன்னா விட்டுடு. எனக்கும் அப்படி ஒண்ணும் பெரிய ஆசை இல்லை.”

அவருக்குச் சுருக்கென்றது. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள மகளை அழவைத்து, மருமகனைத் தலைகுனிய வைத்து, இவளுடைய ஆசையையும் கிள்ளிப் போட்டாயிற்று.

மறுநாள் காலை, நூல் வாங்கி வருவதாக மனைவி கிளம்பிப் போன பிறகு அவரும் கிளம்பினார். கடைத்தெரு முனையில்தான் அந்தப் பயண அலுவலகம். வாசலில் நின்று, கேட்க வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். கவுன்ட்டரில் மகள் வயசுப் பெண் ஒருத்தி. அவளிடம் போய் எப்படி? திரும்பிவிடலாம் என்று நாலு எட்டு நடந்தவர், மறுபடி வந்து கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.

கவுன்ட்டர் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர் மனைவி.

சட்டென்று விளம்பரத் தாள்கள் அடுக்கிய ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“நாள் பூரா மேல் தளத்துல நிக்கணுமாமே?” அவள் கிசுகிசுத்தது தெளிவாகவே கேட்டது. “பக்கத்துலயே பாத்ரூம் இருக்காம்மா? கொஞ்ச நேரம்கூட அடக்க முடியறதில்லை. தும்மினாலே போயிடுது. பேடு வச்சுக்கிட்டுத்தான் வெளியவே போறது. மகளுக்குக்கூடத் தெரியாது.”

அவருக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தன. தெரிந்துவிட்டது அவளுக்கு! ப்ராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் பொத்திப் பொத்தி மறைத்த விஷயம். உள்ளாடைகளைத் தானே துவைத்து, பேடு பாக்கெட்டுகளைப் பழைய கருவிப் பெட்டியில் பூட்டி, யார் எங்கே கூப்பிட்டாலும் முட்டி வலி என்று சொல்லித் தப்பித்து... அத்தனையும் தெரிந்துகொண்டே ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறாள். இப்போது அவருக்காக, முன்பின் தெரியாத பெண் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கவுன்ட்டர் பெண் அவளைவிட மெதுவாகக் கேட்டாள். “உங்க வீட்டுக்காரருக்காம்மா?”

“ஐயய்யோ, அவருக்கென்ன? ஆபரேஷனுக்கு அப்புறமும் இரும்பு மாதிரி இருக்கார். எனக்குத்தாம்மா. அவர் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது, என் மானமே போயிடும்.”

அவளும் தன்னைப் போலவே மறைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அவருக்கு மெல்ல உறைத்தது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்து மனைவியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கவுன்ட்டர் பெண்ணிடம் சொன்னார்:

“ஒரு இடம் போதாதும்மா. பாத்ரூம் பக்கத்துல ரெண்டு இடமாப் பாரு.”