உப்புமா?

“டோன்ட் ஓப்பன் த டோர்!” என்று கிசுகிசுத்தான் கிரஹாம்.

வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தொடப்போன தாமரைச்செல்வி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். கீழே பார்க்கிங் லாட்டில் அப்பாவின் கார் வந்து நின்று வெகுநேரமாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் இன்னும் இறங்கவில்லை.

“நோ, நோ. இந்த டோர்” என்று அவளிடம் கற்ற தமிழில் சொல்லி அவன் ஓவனைக் காட்டினான். “ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டே. அதான் போச்சு.”

உள்ளே முதல் ஈடு புட்டிங் அமுங்கிக் கிடந்தது. பேர்தான் புட்டிங், இனிப்பு கிடையாது. மைதா, முட்டை, பால் மூன்றையும் கரைத்து, புகைய புகையக் காய்ந்த எண்ணெயில் ஊற்றி ஓவனில் வைத்தால் பூரி மாதிரி எழும்பும். இங்கிலாந்தில் கிரஹாமின் யார்க்‌ஷயரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ரோஸ்ட் இறைச்சியும் இதுவும்தான். வெந்த சூட்டோடு சாப்பிட வேண்டும், வேகும்போது கதவைத் திறக்கவே கூடாது.

“மாவு இருக்கா?”

“இன்னும் ஒரு தடவைக்கு இருக்கு.”

இருவரும் நியூஜெர்சியின் பார்சிப்பனியில் ஒரே ஆபீசில் ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். போன வாரம் கல்யாணப் பேச்சை எடுத்ததும் அப்பா சேனாபதி போனில் சொன்னது இவ்வளவுதான்: “ஞாயித்துக்கிழம வர்றோம். நேர்ல பேசிக்கலாம்.” அவர் வேண்டாமென்றால் இந்தக் கல்யாணம் இல்லை என்று அவள் கிரஹாமிடம் முன்பே சொல்லியிருந்தாள். சொன்னபோது இருந்த தைரியம் இப்போது இல்லை.

திரையை விலக்கிப் பார்த்தாள். அப்பா காருக்குள் விறைப்பாக உட்கார்ந்து வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே திரும்பிப் போய்விடுவாரோ என்று பயந்தாள்.

ஆறு மணி அடித்து ஓரிரு நிமிடத்தில் கார்க் கதவுகள் திறந்தன. செல்வி வாசற்கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். கிரஹாம் ஓடிப்போய் மிச்ச மாவை ஊற்றி உள்ளே தள்ளினான்.

“உப்புமா?” என்றாள் செல்வி. “இந்தத் தடவையாவது உப்புமா?”

அதற்குள் வாசலுக்கு வந்துவிட்ட அம்மா நாகமணி முகம் சுளித்தாள். “வெஸ்ட் வின்ட்சர்லருந்து இவ்வளவு தூரம் வந்தா, உப்புமாவா கண்ணு?”

“அது இல்லம்மா. ஏன் இவ்வளவு நேரம் கார்லயே உக்காந்திருந்தீங்க?”

“உங்கப்பாதான், ஆறு மணிக்கு ராகுகாலம் முடியட்டும்னாரு.”

நியூஜெர்சிக் குளிரிலும் மொடமொடவென்று வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்த அப்பா, காலணியைக் கழற்றினார். நேராகச் சமையலறைக்குப் போனார். ஓவனின் கைப்பிடியைப் பிடித்தார்.

“கதவைத் திறக்காதீங்கப்பா!”

அலறியே விட்டாள். பிறந்ததிலிருந்து அப்பாவிடம் குரலை உயர்த்தியவள் இல்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா கையை மெல்ல எடுத்தார். கிரஹாமை ஏறிட்டுப் பார்த்தார்.

“இதுல உங்க ஊர்ல மாட்டுக் கொழுப்புத்தான ஊத்துவாங்க? நீ என்ன ஊத்துன?”

செல்வி அப்பாவைப் பார்த்தாள். அவர் இதையெல்லாம் யாரிடம் விசாரித்தார்?

“கடலை எண்ணெய், அங்கிள்” என்றான் கிரஹாம். “கோழி மட்டும்தான். மாடு இல்லை.”

அப்பா போய் டைனிங் டேபிளில் உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் ஓவன் மணி அடித்தது. கிரஹாம் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்தான்.

அத்தனையும் கிண்ணம் கிண்ணமாக உப்பியிருந்தன.

அப்பா ஒன்றைப் பிட்டு, கோழிச் சாற்றில் தோய்த்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றை எடுத்துக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. செல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“அவனை இப்படி எதிர்ல வந்து உக்காரச் சொல்லு.”

கிரஹாம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.  பார்வை தரையை விட்டு எழவில்லை.

அப்பா அவனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாக அளந்தார். கடைசியாகச் செல்வியின் பக்கம் திரும்பி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்:

“மாப்பிள்ளைக்குப் பாடத் தெரியுமா?”