மனசாட்சி விதி

“மன்னிக்கணும் மேடம், என் மனசாட்சி ஒத்துக்கல,” என்றார் ஒன்றாம் அறைப் பதிவாளர். சொல்லிவிட்டு, மேலாளரின் மேஜைமேல் இருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். பதிவுத் திருமண அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது ஜோடிகளைச் சேர்த்து வைக்கும் புண்ணியமான உத்தியோகம் என்றுதான் அந்த அம்மாள் சந்தோஷப்பட்டார். ஊழியர்களின் மனசாட்சியைக் கட்டி மேய்ப்பதுதான் முக்கால்வாசி வேலை என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

எல்லாம் புதுச் சட்டம் வந்த பிறகுதான். வயது நிரம்பிய எந்த இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம், ஆணும் ஆணுமானாலும் சரி, பெண்ணும் பெண்ணுமானாலும் சரி என்றது சட்டம். உடனே இந்த அலுவலகத்துப் பதிவாளர் ஒருவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. மதம் ஒப்பாத கல்யாணத்தை என் கையால் செய்து வைக்க மாட்டேன் என்று வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தவர், மாலைக் காபி வருவதற்குள் ஜெயித்துவிட்டார். மேலிடம் பயந்துபோய் மனசாட்சி விதியைப் போட்டது. மதம் இடம் கொடுக்கவில்லை என்றால் பதிவாளர் விலகிக்கொள்ளலாம், யாரும் வற்புறுத்தக் கூடாது.

அன்றிலிருந்து அலுவலகத்தில் ஆளாளுக்கு மனசாட்சி முளைத்துவிட்டது. தொடர் விடுமுறைக்கு முந்தைய நாள் அது கொஞ்சம் அதிகமாகவே உறுத்தும்.

“ஆள் நல்ல மனுஷன்தான் மேடம், நான் இல்லைங்கல,” என்றார் ஒன்றாம் அறை, பிஸ்கட்டை மென்றபடி. “ஆனா எங்க மதத்துல இதுக்கு இடமே இல்ல. நான் செஞ்சு வச்சா நாளைக்கு மேல போய் நான்ல பதில் சொல்லணும்? அவரே புரிஞ்சுக்குவார்.”

மேலாளர் எழுந்து இரண்டாம் அறைக்குப் போனார். அங்கிருந்த பதிவாளருக்கு வேறு மதம். அதனால் ஒரு நம்பிக்கை. ஆனால் மனசாட்சி விஷயத்தில் மட்டும் இரண்டு அறைகளுக்கும் நல்ல ஒற்றுமை. மதம் என்பது இஷ்டத்துக்கு வளைக்கிற கம்பி இல்லை, இன்றைக்கு இவர்களுக்கு வளைத்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும் என்று இரண்டாம் அறை நீளமாகப் பேசினார். பேசி முடித்து, ஜோடிக்குத் தன் வாழ்த்தைச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். கல்யாணம் செய்து வைக்காமல் வாழ்த்து மட்டும் எதற்கு என்று மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் விதி விதிதானே. மேலாளரே செய்து வைக்கலாம் என்றால், பதிவாளர் அல்லாத அவர் கையெழுத்து செல்லாது.

வராந்தாவில் மாப்பிள்ளை காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையை மடியில் வைத்தபடி அவருடைய துணை சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

“சாயந்தரம் அட்மிட் ஆகணும். நாளைக்கு ஆபரேஷன்,” என்றார் மாப்பிள்ளை. குரல் அடங்கியிருந்தது. “அங்க, நீங்க இவங்களுக்கு யாருன்னு கேப்பாங்க. கையெழுத்துப் போடறதுக்கும் கேப்பாங்க, கூட இருக்கறதுக்கும் கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?”

மேலாளர் இந்தக் கேள்வியை இதே வராந்தாவில் வேறு வாய்களிலிருந்தும் கேட்டிருக்கிறார்.

இனி மிச்சம் இருப்பது மூன்றாம் அறைப் பெண் ஒருத்திதான். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கு வீட்டிலேயே பதிவு செய்து வைக்கப் போயிருந்தாள். அவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று மேலாளருக்குக் கூசியது. ஆனால் வேறு வழியும் இல்லை.

அவள் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்ததும் மேலாளர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

“உனக்கு இஷ்டமில்லன்னா சொல்லிடும்மா. ஒரே வார்த்தை போதும். ஏன்னு உன்னை யாரும் கேக்க மாட்டாங்க, நான் கேக்க விடவும் மாட்டேன்.”

அவள் கண்ணாடி வழியாக வராந்தாவைப் பார்த்தாள். மாப்பிள்ளையும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். இவளும் மாட்டேன் என்றுதான் சொல்லப்போகிறாள், சொன்னால் தப்பும் இல்லை என்று மேலாளர் மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

“எனக்கும் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு மேடம்,” என்றாள் அவள். “அது போய் செஞ்சு வைன்னுதான் சொல்லுது.”

முகத்தைக் கழுவிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். பையைத் தான் வாங்கிக்கொண்டு, சாய்ந்திருந்தவரின் தோளை மெல்லத் தொட்டாள்.

“உள்ள வாங்க சார். அக்கா, நீங்க மெதுவா எழுந்திருங்க, அவசரமில்ல.”

விவாகரத்தானவள் என்று ஒன்றாம் அறையும், வேற்று மதத்தவள் என்று இரண்டாம் அறையும் கைகழுவிவிட்ட அந்த மணப்பெண் கண் கலங்க நன்றி சொன்னாள். மாப்பிள்ளைதான் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். இந்த மூன்றாம் அறைப் பெண்ணுக்கும் அவளுடைய காதலிக்கும் கல்யாணம் செய்து வைக்க மாட்டேன் என்றுதானே அன்றைக்கு அவர் வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்.