ஒன்பது வெள்ளை மூடிகள்

பதினாறாயிரத்து நானூறு ரூபாய். சிதம்பரம் நடேஷ், காத்தவராயனுக்குத் தர வேண்டிய கூலிப் பாக்கி.

அந்த நடேஷ்தான் இப்போது கடலூர் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

காத்தவராயன் ஏணியில் நின்று மேல்தட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். நடேஷ் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்பும் இவன் ஏணியில்தான் நின்றான். ஏணியில் நிற்கிறவனின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

"ஹோம் தியேட்டர் ரிசீவர்ல புதுசா மூணு மாடல் வந்திருக்காமே. எடுத்துப் போடு, பாக்கலாம்."

"மாமா, அந்த மூணையும் எறக்குங்க" என்றான் சேல்ஸ்மேன் எழிலன்.

இறக்கினான்.

எழிலன் வாட்ஸ், சேனல் என்று விளக்கினான். காத்தவராயனுக்குத் தோள்தான் தராசு. எட்டு கிலோப் பெட்டி ஐந்து ஸ்பீக்கரை இழுக்கும். பத்து கிலோ, ஏழு. பதினாலு கிலோ, ஒன்பது. முதலாவது நாற்பத்தேழாயிரம். கடைசிப் பெட்டி ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரம்.

நடேஷ் செல்போனை நீட்டினான்.

"மாடியில தனி ரூமே கட்டி வெச்சிருக்கேன். கொரோனா வந்து அப்படியே நின்னுடுச்சு. இப்ப பதினஞ்சாம் தேதி சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க, அன்னிக்குப் படம் ஓடியாகணும். ஒரு ஒயர் வெளியில தெரியக் கூடாது, சொல்லிட்டேன். எல்லாம் செவுத்துக்குள்ளயே பைப்பு ஓட்டியாச்சு, ஒயரு மட்டும்தான் இழுக்கணும்."

காத்தவராயன் எட்டிப் பார்த்தான். நீலச் சுவர். சுவரிலும் கூரையிலுமாக ஒன்பது வெள்ளை மூடிகள். ஒவ்வொரு மூடிக்குப் பின்னாலும் ஒரு பைப்பு.

அவன் கொத்திய சுவர் அது. அவன் புதைத்த பைப்பு.

பன்னிரண்டு நாள் வேலை. கடைசி நாள் காலையில் நடேஷ் மூவாயிரம் ரூபாயைக் கையில் வைத்து, ஒரு தாளை நீட்டி, "இந்த மூவாயிரத்துக்கு ஒரு கைநாட்டு வெய்யி" என்றான். வைத்தான். சாயங்காலம் மீதியைக் கேட்டபோது அந்தத் தாளின் ஜெராக்ஸை விட்டெறிந்தான்.

"எவன்கிட்ட வேணாலும் காட்டு, போ."

அந்தப் பணம் வராமல், அடகில் இருந்த கட்டிங் மிஷின் முழுகிப்போனது. மிஷினோடு தொழிலும் போனது. அப்புறம் முதுநகரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரிசில்லா டீச்சரிடம் உட்கார்ந்து, நாற்பத்து மூன்று வயதில் எழுத்துப் படித்தான். முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது பஸ் போர்டை அல்ல. அந்த ஜெராக்ஸைத்தான்.

'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்.'

"உங்க ரூம் சைசுக்கு அஞ்சே ஜாஸ்தி சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான் எழிலன். நல்ல பிள்ளை. விற்கத் தெரியாது. "மிச்ச காசுக்கு நல்ல ஸ்பீக்கரா வாங்கிக்கலாம்."

நடேஷின் கை எட்டு கிலோப் பெட்டியின் மேல் போய் நின்றது.

ஐந்தை வாங்கிக்கொண்டு போனால் அவன் தப்பித்துவிடுவான்.

காத்தவராயன் ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்தான். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா சார்? ஒம்பது மூடியில நாலு சும்மா கெடந்தா, வர்ற சம்பந்தி படம் பாக்க மாட்டாரு. அந்த நாலு மூடியத்தான் பாப்பாரு."

நடேஷ் சிரித்தான்.

"யோவ், ஒனக்கு இருக்கிற வெவரம் இந்தத் தம்பிக்கு இல்லியே!"

கை எட்டு கிலோவை விட்டுப் பதினாலு கிலோவுக்கு நகர்ந்தது. கூடவே ஒன்பது ஸ்பீக்கர். எல்லாமாக இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. நடேஷ் படிக்கவில்லை. பேனாவை வாங்கிச் சரக்கென்று கையெழுத்துப் போட்டான். காத்தவராயன் அவன் தோளுக்குப் பின்னால் நின்று, உதடு அசையாமல், ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான்.

'பெட்டியைப் பிரித்த பின் பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.'

"எல்லாம் சரியா இருக்கான்னு இங்கியே பிரிச்சுப் பாத்துடலாங்களா சார்?"

"பிரி, பிரி."

கத்தியால் டேப்பைக் கிழித்தான். ரிசீவரைக் காட்டினான். ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, ஒன்பதையும் எண்ணி உள்ளே வைத்தான். வண்டியில் ஏற்றினான். நடேஷ் ஐம்பது ரூபாய் நீட்டினான்.

"வேணாங்க சார். எல்லாம் வந்துடுச்சு."

வண்டி சிதம்பரம் ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் வாசலில் நின்றான். சட்டைப் பையிலிருந்து அந்த ஜெராக்ஸை எடுத்தான். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. நாலாகக் கிழித்து, காலி அட்டைப்பெட்டிகளோடு போட்டான்.

அந்த ஜெராக்ஸ் வந்து விழுந்த சாயங்காலம், சுத்தியலும் உளியும் எடுக்க அவன் மாடிக்குப் போயிருந்தான். மறுநாள் சுவர் பூச்சு. மூலையில் பாண்டுச் சட்டியில் சிமெண்டுக் கலவை மிச்சம் இருந்தது.

பின்சுவரில் இரண்டு, கூரையில் இரண்டு. நாலு பைப்பிலும் கலவையைத் திணித்தான்.

அழுத்தியது கட்டைவிரலால். காலையில் வைத்த மை அதில் இன்னும் போயிருக்கவில்லை.