வயிற்றுப் பட்டை

உங்கள் வயிறு வலித்தால் உங்களுக்குத் தெரியும். கொட்டகையில் கிடக்கிற ஐயாயிரம் கறிக்கோழிகளுக்குக் குடல் புண்ணானால் யாருக்குத் தெரியும்?

நாச்சிமுத்துவுக்குத் தெரியும். கம்பெனி கொடுத்த பட்டையை இடுப்பில் கட்டினால், கோழிகளின் வலியில் ஒரு பங்கு கட்டியவர் வயிற்றுக்கு வந்துவிடும். கோழிகளுக்குப் படுக்கையாகத் தரையில் பரப்பியிருந்த தேங்காய் மஞ்சி, அதாவது நார்த்தூள், மழையில் நனைந்துபோயிருந்தது. அதைத் தினமும் கிளறிக் காயவிட வேண்டும். சோம்பலில் அவன் கிளறவில்லை. காலையிலேயே வயிறு லேசாகச் சுருட்டியது.

அன்று மனைவி பூவாத்தாளின் அண்ணன் கந்தப்பன் விருந்துக்கு வந்தார். அவரும் கோழி வளர்ப்பவர்தான்.

"உங்கண்ணன்கூட உக்காந்து நிம்மதியாத் திங்கோணும். இன்னைக்கு நீ கட்டிக்க. மஞ்சியெல்லாம் கெளறியாச்சு, ஒண்ணும் பண்ணாது" என்று பட்டையை அவளிடம் தந்தான்.

பட்டையைக் கட்டிக்கொண்டு இருவருக்கும் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அம்மிணி, உன்ற சமையல நீயே தின்னுட்டியா?" என்று சிரித்த கந்தப்பன், பட்டையைப் பார்த்ததும் முகம் மாறினார். "இது கோழிக்கு வர்ற ரத்தக்கழிச்சலாச்சே! ஈர மஞ்சியிலதான் இது வரும். மஞ்சி கெளறுனது யாரு?"

நாச்சிமுத்துவின் வாயில் சோறு இருந்தது.

"நாந்தானுங்கண்ணா. மறந்துபோயிட்டேன்" என்றாள் பூவாத்தாள்.

"பொறுப்பு வேண்டாமா? மாப்பிள்ளை ஒத்தையாளா எத்தனையத்தான் பாப்பாரு!"

அவன் குனிந்து சோற்றை விழுங்கினான்.

மறுநாள் காலையில் பட்டையைக் கேட்டான். பூவாத்தாள் தரவில்லை. அதைக் கட்டிக்கொண்டே போய், செத்த கோழிகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மஞ்சியைக் கிளறினாள்.