வியாழக்கிழமை ரிப்பேர்

"இது நாலாவது தடவை! வியாழக்கிழமை ஆனா போதும், வண்டி இடது பக்கம் உட்கார்ந்துடுது. உங்களுக்கு வேலை தெரியுமா, தெரியாதா?"

பட்டறைக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு வந்தார் கார்க்காரர். கூடவே அவர் மனைவி. பின் சீட்டில் கார்க்காரருடைய அப்பா.

யாராவது கத்தினால் பதிலுக்குக் கத்துகிறவர்தான் மெக்கானிக்கம்மா. இன்று கத்த வழியில்லை. மூன்று முறை பார்த்தும் ஒரு கோளாறும் அகப்படவில்லையே! நேரே கம்ப்யூட்டரைக் காரில் இணைத்தார்.

"சார், இந்த வண்டி காத்துப் பை மேல நிக்குது. எவ்வளவு உசரத்துல இருக்குன்னு ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சென்சார் சொல்லும். பின்னாடி இடது சென்சார், வண்டி ஆகாசத்துல நிக்குதுன்னு பொய் சொல்லுது. அதை நம்பி காத்தை இறக்கிடுது."

"எல்லாம் இவ செலக்‌ஷன்!" என்றார் பெரியவர், உள்ளே இருந்தபடியே. "இந்த வண்டிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. இப்ப வண்டி ஒத்தக்கால்ல நிக்குது."

மருமகள் விடுவாளா? "மாமா, நீங்க பேசற காத்தைப் பிடிச்சு ஏத்தினாலே நாலு சக்கரமும் எழும்பிடும்."

"வீட்டுலயும் இதே கச்சேரிதாங்க" என்று தலையில் கை வைத்தார் கார்க்காரர்.

மெக்கானிக்கம்மா காருக்கு அடியில் இருந்த குழியில் இறங்கி டார்ச் அடித்தார்.

சென்சார் கம்பி உடையவில்லை. யாரோ பதமாகக் கழற்றி, வேறு பக்கம் இழுத்து, தலைமுடிக்குப் போடுகிற ஊதா ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார்கள். இதுவரை மறுநாள்தான் வண்டி பட்டறைக்கு வரும். அதற்குள் கம்பி பழையபடி மாட்டியிருக்கும். இன்று வியாழக்கிழமையே நேரே வந்ததில் குட்டு உடைந்தது.

நிமிர்ந்து பார்த்தார். மருமகளின் கூந்தலில் அதே ஊதா.

"அம்மா, கொஞ்சம் டார்ச்சைப் பிடிங்க" என்று கூப்பிட்டு, மெல்லக் கேட்டார். "மாமனாரைக் கவுக்கப் பாக்கறீங்களா?"

"ஐயோ, மெதுவா! அவருக்கு முட்டி மடங்கலைங்க. இந்த உசரத்துக்கு ஏற முடியல. ஸ்டூல் வச்சா, 'நான் என்ன குழந்தையா'ன்னு கோவம். ரெண்டு மாசம் வியாழக்கிழமை செஸ் கிளப்புக்குப் போகாம சுவத்தைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி ரிப்பேர்ல இறங்கி நிக்குதுன்னு நினைச்சா மட்டும் என்னைத் திட்டிக்கிட்டே ஏறிடறார்."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லலாமே?"

"அவர் வாயில ஒண்ணு நிக்குமா?"

மெக்கானிக்கம்மா கம்பியை மாட்டினார். மேலே வந்து பத்து நிமிஷம் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்.

"சரியாயிடுச்சு சார். இனிமே பின்கதவைத் திறந்தா வண்டி தானா இறங்கும், மூடினா ஏறும். இந்த வண்டியோட குணமே அதுதான். மறுபடி ரிப்பேர்னு வந்து கத்தாதீங்க."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"யாருக்கு வேணும் இந்த வெட்டி வசதியெல்லாம்!" என்று முனகினார் பெரியவர்.

மகனும் மருமகளும் கையெழுத்துப் போட ஆபீஸ் அறைக்குள் போனார்கள். கார்க் கண்ணாடி மெல்ல இறங்கியது.

"அம்மாடி, இங்க வா. நிஜமாவே தானா இறங்குமா?"

"இறங்கும் ஐயா."

"யாரும் தரையில படுத்து, கையை விட்டு, கம்பியைக் கழட்ட வேண்டாமே?"

"வேண்டாம் ஐயா" என்றார் மெக்கானிக்கம்மா, ஆபீஸ் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தபடி.

"ரொம்ப நல்லதும்மா" என்றார் பெரியவர். "வாராவாரம் வீட்டு ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பாவம், எம்மருமகளுக்கு இடுப்பு வலி."