வரும்போது ரயில்

"ரயில் இருக்கறப்ப எதுக்குத் திரும்பவும் மிதிக்கோணும்?" என்றான் நஞ்சுண்டன். சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி நின்றான்.

அவன் மனைவி சாந்தாமணி இறங்கிவிட்டாள். பாலத்தின் இரும்புக் கம்பியில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். கீழே ஆறு, இரண்டு பக்கமும் மலை, மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக அக்டோபர் மாதம். ரசிக்கலாம்தான், முழங்கால் விட்டால்.

"இங்கிருந்தே திரும்பீட்டா நாலு மணிக்குள்ள கார்கிட்டப் போயிரலாமுங்க. ஜெயலீலா அக்கா ஆறு மணி டியூட்டிக்குக் கிளம்போணும். தென்றலை யாருகிட்ட உட்டுட்டுப் போவாங்க?"

மூன்று வயது மகள் தென்றலை, அவர்கள் குடியிருக்கும் பிளெய்ன்ஸ்பரோவில் கீழ்வீட்டு நர்ஸ் ஜெயலீலாவிடம் விட்டு வந்திருந்தார்கள். "அஞ்சரைக்கு வந்துருங்க, ப்ளீஸ்" என்று அவள் இரண்டு தரம் சொல்லி அனுப்பியிருந்தாள். போன வாரம்தான் தாமதமாகப் போய் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாளாம்.

"பிளான் பண்ணாம வருவனா சாந்தா?" என்று நஞ்சுண்டன் பின்பாக்கெட்டிலிருந்து ஒரு பழைய மேப்பை உருவினான். யாரோ வீட்டுப் பழைய சாமான்களை விற்ற கராஜ் சேலில், இரண்டு சைக்கிளோடும் சேர்த்து வாங்கியது. "பாரு. நாம காரை பார்க் பண்ணுன ஊர்லயும் ஸ்டேஷன், இந்தப் பாதை முடியற ஊர்லயும் ஸ்டேஷன். சைக்கிளோட ஏறுனா முக்கா மணி நேரத்துல கார்கிட்ட இருப்போம்."

"எத்தன மணிக்கு வண்டின்னு கேட்டீங்களா?"

"பிரின்ஸ்டன் ஜங்ஷன்ல தினம் பாக்கறேன்ல? மணிக்கு ஒண்ணாவது வரும்."

அப்போது ஒரு வெள்ளைக்காரத் தம்பதி "ஹாய்" சொல்லிக் கடந்து போனது. "அவங்களைக் கேட்டுப் பாக்கலாமுங்க" என்றாள் சாந்தாமணி.

"சும்மா இரு. ரயில் நேரம்கூடத் தெரியாம வந்திருக்கறாங்கன்னு நினைப்பாங்க."

யாரையும் எதையும் கேட்பதில்லை என்பது நஞ்சுண்டனின் அமெரிக்கக் கொள்கை. இந்தச் சைக்கிள் பாதையைப் பற்றிக்கூட, ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டதை அரைகுறையாகக் காதில் வாங்கியதுதான். இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கு என்ன கேடு வரும் என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்கிற வேலை அவனுக்கு. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையை அவனுக்கு யார் சொல்வது?

மறுபடி மிதித்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் சாந்தாமணியே சமாதானமாகப் பேச்சுக் கொடுத்தாள். "மலைன்னு பயந்துட்டு வந்தேன். மேடே காணமே?"

"பாத்தியா? சைக்கிள்ல போறவனுக்காக மலையவே வெட்டி மட்டமாப் பாதை போட்டிருக்கறான். அதுதான் அமெரிக்கா!"

அந்தச் சமாதானமும் நிலைக்கவில்லை. சாந்தாமணியின் சைக்கிள் செயின் கழன்றது. மாட்டினால் மறுபடி கழன்றது. கையெல்லாம் கிரீஸ், நெஞ்செல்லாம் எரிச்சல். "இந்த மனுசனைக் கட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்தவள், கேட்க ஆள் பக்கத்தில் இல்லாததால் பாதியில் நிறுத்தினாள். அவன் முன்னால் போய்விட்டிருந்தான்.

பாதை முடிந்த இடத்தில், சொல்லி வைத்த மாதிரி ஸ்டேஷன் நின்றது. சரிந்த கூரை, நீள பெஞ்சு, ஊர்ப் பெயர்ப் பலகை, டிக்கெட் ஜன்னல் எல்லாம் இருந்தன; அதற்கு அப்பால் மட்டும் இடுப்புயரப் புல் மறைத்திருந்தது. நஞ்சுண்டன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, "இப்ப என்ன சொல்றே?" என்றான். செயினை மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்த அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடிவாதக்காரன் ஜெயிக்கிற நாளும் உண்டுதானே.

மணி நாலேகால் ஆயிற்று. வண்டி வரவில்லை. ஜன்னலில் ஒரு கிழவி ஐஸ்க்ரீம் விற்றுக்கொண்டிருந்தாள். சைக்கிள்காரர்கள் வாங்கித் தின்றுவிட்டு வந்த வழியே போனார்கள்.

"அக்காவுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லீறட்டுங்களா?"

"அவங்களை எதுக்கு டென்ஷன் பண்றே? வண்டி இப்ப வந்துரும்."

"யாருமே டிக்கெட் வாங்கக் காணமே?"

"உள்ள ஏறி கண்டக்டர்கிட்ட வாங்கிக்கலாம்."

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. ஜெயலீலா பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடப்பதும், குழந்தை அவள் பின்னாலேயே ஓடுவதும் சாந்தாமணியின் கண் முன்னே வந்து நின்றன. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

விருட்டென்று எழுந்தாள். "எங்கே போறே? மானத்தை வாங்காதே!" என்ற குரல் பின்னால் கேட்டது. அவள் நிற்கவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கிழவியிடம் ரயிலைப் பற்றிக் கேட்டாள்.

கிழவி முதலில் சிரித்தாள். சாந்தாமணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். கதவைத் திறந்து வெளியே வந்து, அவர்கள் வந்த வழியைக் கை நீட்டிக் காட்டி நிதானமாக ஏதோ விளக்கினாள். பிறகு உள்ளே இருந்த டெலிபோனைக் காட்டி, பேசிக்கொள்ளச் சொன்னாள்.

ஜெயலீலாவிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்த சாந்தாமணி, கணவனின் சைக்கிளை உருட்டி வந்து அவன் முன்னால் நிறுத்தினாள்.

"என்னவாம்? வண்டி லேட்டாமா?" என்று கேட்டான் நஞ்சுண்டன்.

"தண்டவாளத்தைப் பேத்து எடுத்துட்டுத்தான் இந்தச் சைக்கிள் பாதையே போட்டாங்களாமுங்க."