ஊர் எல்லையில் ஒரு போர்டு

"இந்த ஊருக்குக் குடி வர்றவங்களுக்கு எல்லையிலேயே பெருசா ஒரு போர்டு வைக்கணும் அண்ணே! ‘இங்கே எவரும் மனசுல இருக்கறதை வாயால சொல்ல மாட்டாங்க, ஜாக்கிரதை’ன்னு!"

பெட்டிக்கு டேப் ஒட்டியபடியே பொரிந்து தள்ளினான் யோங்மின். கொரியாவின் சொங்ஜு நகருக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம். பட்டது போதும் என்று சியோலுக்கே திரும்பிப் போகிறான்.

சாமான் ஏற்ற வந்திருந்த வண்டிக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அசல் சொங்ஜுக்காரர். ஒரு பெட்டியைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதற்குள் யோங்மினுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"அப்படிங்களா?" என்றார் அவர், அவசரமே இல்லாமல்.

"பின்னே? கீழ் வீட்டம்மா ஒரு நாள், ‘தம்பி, ராத்திரி நீங்க பாடறது அருமை. எங்க வீட்டுக்காரர் தூங்காம கேட்டுக்கிட்டே இருக்கார்’னாங்க. நான் ஒரு மடையன், சந்தோஷப்பட்டு மறுநாள் ரெண்டு பாட்டு சேத்துப் பாடினேன். காவலாளி வந்து கதவைத் தட்டறார்! சத்தம் தாங்கலைன்னு நேரா சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா?"

வண்டிக்காரர் சமையலறை அலமாரிக்குள் தலையை விட்டுச் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

"காலி பாட்டில் ஒண்ணையும் காணோமுங்களே. சோஜு, சாராயம்னு எந்தப் பழக்கமும் இல்லைங்களா?"

"ஆபீஸ் விருந்துல ஒரு வாய், அவ்வளவுதான். ஆபீஸ்னதும் ஞாபகம் வருது. மேனேஜர் என் அறிக்கையைப் படிச்சுட்டு, ‘பரவாயில்லையே’ன்னார். நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். ‘பரவாயில்லை’ன்னா இந்த ஊர்ல ‘குப்பை’ன்னு அர்த்தமாம்! வேலையில சேரும்போதே இதைச் சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொல்லியிருக்கலாம்தானுங்க. இந்தப் பை நிறைய மருந்தா இருக்கே. உடம்புக்கு ஏதாச்சும்ங்களா?"

"எனக்கு ஒரு கேடும் இல்லை. ஊர்ல அம்மாவுக்கு மூட்டு வலி. மாசாமாசம் நான்தான் வாங்கி அனுப்பறேன். அதைத் தனியா வைங்க, மிதிபடப் போகுது."

வண்டிக்காரர் அதைத் தனியாக, ஜன்னலோரத்தில் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"கோபம் ஊர் மேலயா, ஆள் மேலயாங்க?"

யோங்மினுக்குச் சுருக்கென்றது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"ஆள் மேலதான்! மூக்குக்கண்ணாடிக் கடை மியொங்ஜு மேல! ஒரு வருஷமா பழகறோம். ஞாயித்துக்கிழமை மோதிரத்தோட போய், ‘என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா? இப்பவே பதில் சொல்லு’ன்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? ‘அவ்வளவு அவசரம்னா நேத்தே கேட்டிருக்கலாமே’ங்கறா! சலவைக்கடைக்காரன் அவசரப்படறவனைப் பாத்துச் சொல்ற அதே நக்கல், அண்ணே! என் மனசு என்ன அழுக்குத் துணியா?"

அவளுக்காகவே இந்த ஊரின் காரமில்லாத கிம்ச்சி ஊறுகாயைக்கூட ரசித்துச் சாப்பிடப் பழகியிருந்தவன் அவன்.

வண்டிக்காரர் கையிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ‘இந்த ஊர் சகவாசமே வேண்டாம், நான் சியோலுக்கே போறேன்’னேன். இருங்கன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம்! ‘போறவங்களை யாரு பிடிச்சு வைக்க முடியும்? எனக்குத் தெரிஞ்ச வண்டிக்காரர் ஒருத்தர் இருக்கார்’னு உங்க நம்பரைக் குடுக்கறா! பிடிக்கலைன்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். என்னை ஊரை விட்டு அனுப்ப வண்டியும் அவளே பிடிச்சுத் தர்றான்னா, இது எந்த ஊர் நியாயம்?"

வண்டிக்காரர் படியிறங்கிப் போய்விட்டார்.

வெகு நேரமாகியும் ஆள் மேலே வரவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த யோங்மின் பதறிப்போய்க் கீழே ஓடினான். வண்டியில் ஏற்றிய பெட்டிகளெல்லாம் நடைபாதைக்கு இறங்கிக்கொண்டிருந்தன. ஏற்றும்போது காணாத சுறுசுறுப்பு, இறக்கும்போது அந்த மனிதருக்கு எங்கிருந்தோ வந்திருந்தது.

"என்ன அண்ணே அநியாயம் இது! நீங்களுமா? ஏத்தினதை எதுக்கு இறக்கறீங்க?"

"‘நேத்தே கேட்டிருக்கலாமே’ன்னா, இத்தனை நாளா ஏன் கேக்கலைன்னு அர்த்தம்ங்க. ஒரு பொண்ணு இதுக்கு மேல வெளிப்படையா சம்மதம் சொன்னா, எங்க ஊர்ல வாயாடின்னு பேர் வெச்சிருவாங்க."

யோங்மினுக்கு நம்பவும் ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"அவ மனசுல இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்? சாமான் ஏத்தத்தானே நீங்க வந்தீங்க?"

"‘ஆளைப் பாத்துட்டு வாங்கப்பா’ன்னுதான் என்னை அனுப்பினா, சாமானைப் பத்தி அவ பேசவே இல்லைங்க" என்று கடைசிப் பெட்டியையும் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார் அவர். "இனிமே அந்த அண்ணேயை மட்டும் விட்டுடுங்க மாப்ளே, முறை தப்பாப் போயிடும்."